தாயின் கைபற்றி வந்த பிள்ளை

சூன் திங்கள். பள்ளி திறந்து மூன்றாம் நாள். முதல் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பணி இவ்வாண்டு நம் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. மணிமுத்தாற்று அணைக்கட்டின் அடிவாரத்துக் குடியிருப்புகளிலிருந்தும், சிங்கம்பட்டிச் சாலையோரத்து வீடுகளிலிருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்து வந்து வரிசையில் நின்றனர். பிள்ளையின் பெயர் என்ன, பிறந்த நாள் என்ன, தந்தையின் பெயர் என்ன? கேட்பதும் எழுதுவதுமாகக் காலைப்பொழுது கழிந்துகொண்டிருந்தது.

ஒரு தாய், மூன்றாவது கேள்விக்கு விடை கூறாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றவர் ஒரு கொத்தனார். கையில் சிமெண்டுக் கறை இன்னும் காயவில்லை. "என் பெயரையே எழுதுங்கள் சார்" என்றார். பிறப்புச் சான்றிதழிலோ வேறொருவர் பெயர் இருந்தது. அப்பெயருக்குரியவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டவர். கணவனை இழந்த அந்தப் பெண்ணையும், அவர் கைபற்றி வந்த சிறுவனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவர் இந்தக் கொத்தனார்.

"நான்தானே சார் இவனுக்கு அப்பா?"

"அதில் ஐயமென்ன?" என்றோம். வாய் அவ்வாறு கூறிற்று. கையோ சான்றிதழில் கண்ட பெயரையே எழுதிற்று. விதி அது. (விதி என்று நாம் கூறுவது துறையின் விதியை; தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் விதியில் நமக்கு நம்பிக்கை இல்லை!) அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறுவனின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் தாயையும் அழைத்துக்கொண்டு வெளியே சென்றார்.

வரிசை நகர்ந்தது. நம் உள்ளம் நகரவில்லை. காரணம் உண்டு. நாமும் அவ்வாறு ஒரு தாயின் கைபற்றி, வேறொருவர் வீட்டு வாசலில் வந்து நின்ற பிள்ளைதான்.

பெற்ற தந்தை நமக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை ஒரு மிதிவண்டியும் சில்லறைக் கடன்களும். தாய்க்கு அப்போது இருபத்திரண்டு வயது. பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணை மூலையிலே எஞ்சிய நாளையெல்லாம் கழிப்பதுதான் அறம் என்று ஊர் தீர்ப்புக் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பை ஒருவர் மதிக்கவில்லை. மணிமுத்தாறு பெருங்கால் பாசனத்தில் ஓர் ஏக்கர் வயலும், ஓட்டு வீடு ஒன்றும் உடையவர் அவர். முப்பத்தைந்து வயதாகியும் மணமாகாதவர். வைதிகரை அழைக்காமல், ஓமப்புகை இல்லாமல், தோழர்கள் சிலர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1967 இல் அறிஞர் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கியதன் பயன் அது.

மணநாளன்று மூதாட்டிகள் சிலர் நல்லெண்ணத்தோடு ஓர் ஆலோசனை கூறினராம். "பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வரட்டுமே! புது வாழ்வில் பழைய சுமை எதற்கு?" மாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர் சொன்னாராம்: "பிள்ளையும் வந்தால்தான் மாலை." இதனை நாம் வளர்ந்த பின்னர் நம் தாய் கூறக் கேட்டோம். கூறும்போதெல்லாம் அவர் சிரிப்பார். கண் மட்டும் சிரிக்காது.

மறுமணம் செய்தவரைச் 'சித்தப்பா' என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய் அவ்வாறே நமக்குக் கற்பித்தார். ஒரு வாரம் அழைத்தோம் போலும். அவர் தடுத்தார். "சித்தப்பா என்று கூப்பிட இவனுக்கு வேறு யாராவது கிடைப்பார்கள், அப்பா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?" என்றார். அன்று முதல் அவர் நமக்கு அப்பா. பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் எதுவும் வற்புறுத்தப்படவில்லை. தம் பெயரின் முதலெழுத்தையே நமக்குத் தலைப்பெழுத்தாகக் கொடுத்தார். பத்தாம் வகுப்புச் சான்றிலும், பட்டத்திலும், பணி நியமன ஆணையிலும் இன்று நம் பெயருக்கு முன் நிற்பது அந்த எழுத்து.

அந்த வயலைப் பற்றி இரண்டு சொற்கள். 1958 இல் முடிந்த மணிமுத்தாறு அணை 118 அடி உயரமுடையது. காமராசர் ஆட்சிக் காலத்துப் பணி. அதன் நீர் நெடுந்தொலைவு ஓடி நாங்குநேரி, திருச்செந்தூர் பக்கத்து வறண்ட நிலங்களையும் நனைக்கிறது என்பது பலர் அறிந்தது. அணைக்கு அருகிலேயே, சிங்கம்பட்டி, வைராவிகுளம், தெற்குப் பாப்பாங்குளம் வயல்களுக்குப் பாயும் பெருங்கால் என்னும் வாய்க்கால் ஒன்று உண்டு. 2,756 ஏக்கர் அதன் பாசனம். அந்தப் பரப்பில் ஓர் ஏக்கர்தான் அப்பாவுடையது. பிசானத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்துவிட்டால் அவர் கால் வீட்டில் தங்காது. வரப்பில் வழுக்காமல் நடக்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, பக்கத்து வயற்காரர் முறையை மீறி நீரை இழுத்தால் சண்டையின்றி எப்படிச் சொல்வது என்பனவெல்லாம் பாடநூலில் இல்லாப் பாடங்கள். அந்த ஓர் ஏக்கர் நாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில் எண்பது செண்டாயிற்று. இருபது செண்டு நம் படிப்புக்காக விலை போயிற்று. "மண் எங்கேயும் போகாது, வயது போய்விடும். படி" என்றார்.

தாய் முன்னே மறைந்தார். ஈராண்டு கழித்து, பங்குனியில், அறுவடை முடிந்த ஒரு மாலையில் அப்பாவும் மறைந்தார். அவருடைய அண்ணன் மக்கள் இருவர் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை செய்பவர்கள். அவர்கள் வந்து சேர இரவாகும் என்று தெரிந்ததும், ஊர்ப் பெரியவர்கள் கொள்ளியை நம் கையில் கொடுத்தனர். "நீதானே மகன்!" என்றனர். சடங்குகளில் நமக்கு நம்பிக்கையில்லை, அவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் 'மகன்' என்ற சொல்லை அன்று மறுக்க மனம் வரவில்லை. பெற்றுக்கொண்டோம்.

நாற்பது நாள் கழித்து வாரிசுச் சான்று. அலுவலகத்தில் இருந்த எழுத்தர் நல்லவர். நம்மை அமரச் செய்து, தேநீர் வரவழைத்து, பிறகுதான் சொன்னார். "சார், நீங்கள் அவருக்கு மகன்தான். ஆனால் வாரிசு அல்லர்."

அவர்மீது குறை காண இடமில்லை. அவர் கண்ட ஏட்டில் இருந்ததைத்தான் அவர் கூறினார். பெரியப்பா மக்கள் இருவர் பெயரும் வாரிசுகளாக எழுதப்பட்டன. அவர்கள்மீதும் நமக்குச் சினமில்லை. உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் அவர்களும். மூத்தவர் நம்மைத் தனியே அழைத்து, "தம்பி, உனக்கு வேண்டிய மட்டும் அந்த வீட்டில் இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சிறு வயதிலிருந்து அறிந்த வாசற்படியில் 'வேண்டிய மட்டும் இரு' என்று ஒருவர் இடம் கொடுக்க நேரும்போது, அந்த அன்பே முள்ளாகிவிடுகிறது. தாயின் சுளகையும் அப்பாவின் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு அருகே வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். சம்பளம் உண்டு, நமக்குப் பசியில்லை. சம்பளமில்லாத, பத்து வயதுப் பிள்ளையாக அன்று நாம் இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் நம்மைச் சட்ட நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது.

படித்ததைத் தோழர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து யார் யாருக்குச் செல்லும் என்று வரிசை அமைத்திருக்கிறது. முதல் வகுப்பில் மகன், மகள், மனைவி, தாய் முதலியோர். அவர்கள் எவருமில்லாவிடில் இரண்டாம் வகுப்பு. அதிலே தந்தை, உடன்பிறந்தார், அண்ணன் தம்பி மக்கள், அக்காள் தங்கை மக்கள் என்று படிப்படியாக இறங்கிச் செல்கிறது பட்டியல். ஆறாம் படியிலே 'தந்தையின் விதவை' நிற்கிறார்; அதாவது மாற்றாந்தாய். மகன் இறந்தால் மாற்றாந்தாய்க்கு ஓர் இடம் உண்டு. மாற்றாந்தந்தை இறந்தால் அவர் வளர்த்த பிள்ளைக்கு? முதல் வகுப்பிலும் இல்லை, இரண்டாம் வகுப்பிலும் இல்லை. அதற்கும் பின்னே வரும் தூரத்து உறவினர் கூட்டத்திலும் இல்லை. குருதி வழியில் எவருமே இல்லாமற்போனால் அப்போதாவது? அப்போதும் இல்லை! சொத்து அரசாங்கத்தைச் சேரும் என்கிறது 29 ஆம் பிரிவு. தோளில் சுமந்து வளர்த்த பிள்ளை, கண்ணால் காணாத அரசாங்கத்துக்கும் பின்னால் நிற்கிறான். பின்னாலா? வரிசையிலேயே இல்லை.

பெண்ணின் சொத்துக்கு வேறு வழி. தாயின் சொத்து, அவர் எத்தனை மணம் செய்திருந்தாலும், அவர் ஈன்ற பிள்ளைகளுக்கு வரும். மாற்றாந்தாயின் சொத்தோ, அவருக்குப் பிள்ளையும் கணவனும் இல்லாவிடில், 'கணவனின் வாரிசுகள்' என்ற வழியில் மூத்தாள் பிள்ளைக்குச் செல்லக்கூடும். 1987 இல் பஞ்சாபிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று. 'மகன்' என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாயின் கணவர் பிள்ளை அடங்கான். அவன் கணவனின் வாரிசாகத்தான் வரமுடியும் என்பது தீர்ப்பு. நுட்பத்தைக் கவனியுங்கள். அங்கேயும் அந்தப் பெண் வளர்த்தாள் என்பதற்காக உரிமை வரவில்லை. அவள் கணவனுக்குப் பிறந்தான் என்பதற்காக வருகிறது. ஆண் வழியே வந்தால் கதவு சிறிது திறக்கிறது. பெண்ணின் கைபற்றி வந்தால் அது திறப்பதே இல்லை.

நம் வழக்கில் இன்னொரு வேடிக்கை. அப்பா முதலில் மறைந்து தாய் பின்னர் மறைந்திருந்தால், மனைவி என்ற முறையில் வயல் தாய்க்கு வந்திருக்கும். தாயிடமிருந்து நமக்கு வருவதற்கு வழி இருந்திருக்கும். இறப்பின் வரிசை மாறிற்று, உரிமை போயிற்று. எவர் எவருக்கு முந்தி இறந்தார் என்பதை வைத்தா ஒரு பிள்ளையின் உறவை அளப்பது?

சட்டம் எப்போதுமே இப்படிக் கண்மூடியிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தனக்கு வேண்டியபோது நன்றாகவே கண் திறக்கிறது. 2007 இல் வந்தது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதில் 'பெற்றோர்' என்றால் யார் என்று விளக்கும்போது, மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் சேர்க்கப்பட்டுள்ளனர். வயது முதிர்ந்து சோற்றுக்கு வழியில்லையென்றால் அவர் நமக்குப் பெற்றோர். நாம் படியளக்க வேண்டும். சரி, மிகச் சரி! அதில் நமக்கு மாறுபாடில்லை. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 'குழந்தை' என்பதில் மணவழி வந்த பிள்ளையையும் சேர்த்தே எழுதிற்று. வரி கேட்கும்போது பிள்ளை! இன்னும் பின்னே சென்றால், வெள்ளையர் ஆட்சியில் 1855 இல் இயற்றப்பட்ட விபத்து இழப்பீட்டுச் சட்டம், இறந்தவரின் 'பிள்ளை' என்ற சொல்லுக்குள் மணவழி மகனையும் மகளையும் வெளிப்படையாகச் சேர்த்திருந்தது. சோறு போட வேண்டுமா, பிள்ளை. வரி கட்ட வேண்டுமா, பிள்ளை. விபத்தில் இறந்தாரா, அப்போதும் பிள்ளை. பாயில் படுத்து அமைதியாக இறந்துவிட்டால் மட்டும் அயலான்!

இந்தக் குறை எங்கிருந்து வந்தது? பழைய ஏடுகளைப் புரட்டினோம். மனுநூல் மகன்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஆறு வகையினருக்குச் சொத்து. ஆறு வகையினருக்கு உறவு மட்டும், சொத்து இல்லை. மறுமணம் செய்த பெண்ணுக்கு இரண்டாம் கணவனால் பிறந்த மகனே, அந்த இரண்டாம் ஆறிலே தள்ளப்பட்டிருக்கிறான். தம் குருதியில் பிறந்தவனுக்கே அக்கதியென்றால், தாய் கைபற்றி அழைத்து வந்த பிள்ளையை அந்நூல் எங்கே வைக்கும்? புராணத்தில் துருவன் என்றொரு சிறுவன் உண்டு. தந்தையின் மடியில் ஏறப்போனவனை மாற்றாந்தாய் தள்ளிவிட்டாள். அவன் தவம் செய்து விண்மீனாகிவிட்டான் என்று கதை. மடியில் இடம் கேட்ட பிள்ளைக்கு வானத்தில் இடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்! மடியில் இடம் கொடுப்பதுபற்றி எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1856 இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. ஈசுவர சந்திர வித்தியாசாகர் அரும்பாடுபட்டுப் பெற்றது. பெரிய அடி அது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள்ளேயும் இரண்டு பூட்டுகள் இருந்தன. மறுமணம் செய்துகொண்டால் இறந்த கணவனின் சொத்தில் அவளுக்கு உரிமை போய்விடும் என்பது ஒன்று. மற்றொன்று பிள்ளையைப் பற்றியது. தாய் மறுமணம் செய்துகொண்டால், இறந்தவனின் உறவினர் நீதிமன்றம் சென்று பிள்ளைக்கு வேறு காப்பாளரை அமர்த்திக்கொள்ளலாம் என்று அச்சட்டம் இடமளித்தது. அவள் போகலாம்; பிள்ளை இறந்தவன் வீட்டைச் சேர்ந்தது! தாயோடு பிள்ளையும் புதுவீட்டுக்கு வரும், அங்கே ஒருவன் அதனை மகனே என்று அழைப்பான் என்பது அந்தச் சட்டம் எழுதியவர்களின் கனவிலும் இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய 1956 சட்டமும் அதே வீட்டுப் படத்தை வைத்துக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது.

நம் இயக்கத்தின் பக்கமும் திரும்புவோம். நம்மைப் புகழ்ந்துகொள்ள மட்டுமா ஏடு நடத்துகிறோம்? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடொத்த சொத்துரிமை வேண்டும் என்றும், விதவையர் மறுமணம் செய்துகொள்ளத் தடையிருத்தலாகாது என்றும் தீர்மானித்தது. அறுபது ஆண்டு கழித்து, 1989 இல், கலைஞர் அரசு மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் செய்தது. இந்தியா முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. 1975 முதல் விதவை மறுமணத்துக்கு உதவித்தொகை அளிக்கும் திட்டம் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் இயங்கிவருகிறது. மேடையில் மறுமணம் நடக்கும், நாம் கைதட்டுவோம், வாழ்த்துரை வழங்குவோம். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் பாட்டியின் மடியில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையைப் பற்றி நாம் தீர்மானம் எதுவும் நிறைவேற்றியதாக நமக்கு நினைவில்லை. தாய்க்கு மாலை வாங்கிக்கொடுத்தோம். அவள் கைபற்றி வந்ததை மறந்தோம்.

"பெற்ற தந்தையின் சொத்தில் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறதே! இருவீட்டிலும் பங்கு கேட்பானோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டார், வழக்கறிஞர், கூர்மையானவர். உண்மை. தாய் மறுமணம் செய்வதால் பெற்ற தந்தை வழியுரிமை அழிவதில்லை. ஆனால் மிதிவண்டியும் கடனும் விட்டுச் சென்ற தந்தையின் சொத்தில் என்ன பங்கு? அவ்வாறன்றி இருபக்கமும் கிடைத்தால்தான் என்ன குற்றம்? தாய்வழியிலும் தந்தைவழியிலும் பங்கு பெறுவோரை நாம் இரட்டைச் சலுகை பெறுகிறார்கள் என்று சொல்வதில்லையே. "மணம் செய்துகொண்டவர்க்கு ஏற்கெனவே சொந்தப் பிள்ளைகள் இருந்தால்?" என்பது அடுத்த கேள்வி. இது கடினமானது, ஒப்புக்கொள்கிறோம். இளம் பருவம் முதல் அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சமபங்கு என்பதே நம் கருத்து. அதற்கு நாடு இன்னும் ஆயத்தமாகவில்லையென்றால், குறைந்தது அண்ணன் தம்பி மக்களுக்கு முன்னே, அரசாங்கத்துக்கு முன்னே அந்தப் பிள்ளைக்கு இடம் அமைக்கட்டும். பதினெட்டு வயதுக்குமுன் வந்து, அவர் இறக்கும்வரை பிள்ளையாக வளர்ந்தவன் என்று மெய்ப்பிக்கட்டும். வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, பள்ளிப் பதிவேடு, இத்தனை ஏடுகள் கிடக்கின்றனவே!

இங்கிலாந்தில் 1975 இல் ஒரு சட்டம் செய்தார்கள். அங்கும் மணவழிப் பிள்ளை தானாக வாரிசு ஆவதில்லை. ஆயினும் இறந்தவர் ஒரு பிள்ளையைத் தம் குடும்பத்துப் பிள்ளையாக நடத்தியிருந்தால், அவருக்குப் பிறந்ததன்று என்ற காரணம் காட்டித் துரத்த முடியாது. நியாயமான பங்கு வேண்டுமென்று அப்பிள்ளை நீதிமன்றத்தில் கேட்கலாம். அவ்வளவு தொலைவு எதற்கு? நம் மலைத்தொடருக்குத் தெற்கே, நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே, தந்தையின் சொத்து அவர் ஈன்ற மக்களுக்கே முழுமையாகக் கிடைக்காத காலம் ஒன்றிருந்தது. மருமக்கள் வழி! சொத்து சகோதரி மக்களுக்கு. சொந்த மக்களுக்கோ 'உகந்துடைமை' என்ற சிறுபங்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முறையை எள்ளி நூல் எழுதினார், ஊர் சிரித்தது, சிரித்தவர் சிந்தித்தனர், 1926 இல் திருவிதாங்கூர் அரசு சட்டத்தை மாற்றிற்று. நேற்றுவரை ஈன்ற மகனே வாரிசு இல்லை என்று ஒரு மக்கட் கூட்டம் உறுதியாக நம்பியது. 'வாரிசு' என்பது வயிற்றில் எழுதி வருவதன்று. ஏட்டில் மனிதன் எழுதுவது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சட்டம் மாறும்வரை என் செய்வது? இதையும் சொல்லாமல் விட்டால் நாம் மேடைப் பேச்சோடு நின்றவர்களாவோம். உயில் எழுதலாம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு செய்தல் நன்று, ஆனால் கட்டாயமன்று. இசுலாமியத் தோழர்கள் வாரிசல்லாத பிள்ளைக்கு உயில்வழி மூன்றில் ஒரு பங்குவரை கொடுக்கலாம். கிறித்துவர்க்கும் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயில் எழுதத் தடையில்லை. மற்றொரு வழி தத்து. 2022 ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகள் மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் தத்தெடுக்க வழிசெய்துள்ளன. ஆணை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். தத்தாகிவிட்டால் அப்பிள்ளை முதல் வகுப்பு வாரிசு. அதே 2022 இல் ஆந்திரத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், மறுமணம் செய்த தாய்க்குத் தன் பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆவணத்தில் அவரை 'மாற்றாந்தந்தை' என்றே குறிக்க வேண்டும் என்று கீழே இடப்பட்ட ஆணை கொடுமைக்கு ஒப்பானது, பிள்ளையின் உள்ளத்தைப் புண்படுத்துவது என்று கண்டித்தது. அந்த வழக்கிலும் பிள்ளையை அவர் 2019 இலேயே பத்திரம் எழுதித் தத்தெடுத்திருந்தார் என்பதை மறக்கலாகாது. பெயர் அன்பால் வரலாம். உரிமைக்குப் பத்திரம் வேண்டியிருக்கிறது.

நம் அப்பா உயில் எழுதவில்லை. "நான் என்ன ஜமீன்தாரா?" என்பார், எவரேனும் கேட்டால். தவிர, மகனுக்கு எதற்கு உயில் என்று அவர் நினைத்திருப்பார். நம்மை வேற்றுப் பிள்ளையாக ஒருநாளும் எண்ணாதவர், எண்ணியிருந்தால் எழுதியிருப்பார்! அந்த எண்பது செண்டு நம் கையை விட்டுப் போனது, அவர் அன்பு குறைவாக இருந்ததால் அன்று.

ஆகவே அந்தக் கொத்தனாரைத் தேடிப் போனோம். சனிக்கிழமை மாலை. வீட்டு வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்தார். நாம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். தத்துக்கு விண்ணப்பம் போடச் சம்மதித்தார். உயில் என்றதும் சிரித்தார். "மூன்று செண்டு மனைக்கு உயிலா சார்?" அப்பா சொன்னதையே வேறு சொற்களில் சொன்னார். நாம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் திண்ணையிலேயே எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். சிறுவனைக் குறிக்கும் இடத்தில் ஒரு சிறு தகராறு. பின்னாளில் எவரும் ஐயம் கிளப்பாமலிருக்க, 'என் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்தவனும், என்னால் வளர்க்கப்பட்டு வருபவனுமாகிய' என்று விளக்கமாக எழுத வேண்டும் என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. மனைவி உள்ளேயிருந்து, "சார் சொல்கிறபடியே எழுதட்டும்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் 'என் மகன்' என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு எழுதுங்கள்" என்றார்.

அவ்வாறே எழுதினோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும், நம் பள்ளிச் சத்துணவு அமைப்பாளரும் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருந்து சாட்சிக் கையெழுத்திட்டனர். தாளை மடித்து, குடும்ப அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அவர் செருகினார். சிறுவன் அதற்குள் நம் பேனாவை எடுத்துக்கொண்டு, சலித்து வைத்த மணலில் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தான்.